ட்ரிகர் சரியில்லை என்று தோன்றினால்: முதலில் அறிகுறி, பிறகு திருகாணி

“சேர், இந்த ட்ரிகர் சரியில்ல, கொஞ்சம் லேசாக்கித் தாங்க.”

பின்னேரக் காற்றுப் பிஸ்டல் பயிற்சியில் கிழமைக்கு இரண்டு தரமாவது இது காதில் விழும். சொல்லி முடிக்கும் முன்பே ஒரு கை, திருகாணி திருகும் ஆறுமூலைச் சாவியான அலன் கீயைத் தேடத் தொடங்கியிருக்கும். அந்தக் கீயை நான் எப்போதும் சட்டைப் பையிலேயே வைத்திருப்பது அதனால்தான். “சரியில்ல என்றால் என்ன நடக்குது, அதைச் சொல்லு புள்ள” என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் வராது. வேளைக்கு முன் வெடிக்கிறதா, வெடிக்கவே மாட்டேன் என்கிறதா, வெடிக்கும்போது குழல் நுனியில் உள்ள முன்குறி துள்ளுகிறதா, நேற்று ஒரு மாதிரியும் இன்று ஒரு மாதிரியும் இருக்கிறதா? நாலும் நாலு நோய். நாலுக்கும் “லேசாக்கு” என்ற ஒரே குளிசையைக் கொடுத்துத்தான் நல்ல பிஸ்டல்கள் பாழாகின்றன.

அதனால் அறிகுறி அறிகுறியாக எழுதுகிறேன். இது 10 மீட்டர் காற்றுப் பிஸ்டலுக்கு மட்டும்: 4.5 மி.மீ பெலட், ஒற்றைக் கை, 60 வெடி. வேறு எந்தத் துவக்குக்கும் இதைக் கொண்டுபோக வேண்டாம்.

துவக்கு என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். மட்டக்களப்பில் அந்தச் சொல் எத்தனை வருசம் எந்த அர்த்தத்தில் வீட்டுக்குள் வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். பிள்ளையைக் கூட்டிவரும் தாய்மார் முதல் நாள் மண்டப வாசலில் நின்று முழுப் பயிற்சியையும் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அது நியாயம். எனவே எங்களிடம் சில விஷயங்களுக்கு விலக்கே கிடையாது. குழலுக்குள் செம்மஞ்சள் பாதுகாப்பு நூல் இல்லாமல் பிஸ்டல் மேசையில் இருக்காது. திருகாணியைத் தொடும் முன் பெலட் இல்லை என்பதை இரண்டு பேர் கண்ணால் பார்க்க வேண்டும். குழல் எப்போதும் இலக்குப் பக்கம். பொறுப்பாளர் இல்லாமல் பெட்டி திறக்காது. வெடிக்கும் வரை பொறியைப் பிடித்து வைத்திருக்கும் உள்ளே உள்ள கொக்கியை அரத்தால் ராவுவது, ஸ்பிரிங்கை வெட்டுவது ஒன்றும் கிடையாது. செய்பவர் கொடுத்த புத்தகத்தில் காட்டியிருக்கும் திருகாணிகளே எங்களுக்குப் போதும்.

முட்டு எங்கே இருக்கிறது?

போட்டிப் பிஸ்டலின் ட்ரிகர் இரண்டு கட்டமாக இயங்கும். விரலை வைத்து இழுத்தால் முதலில் மெல்லிய எதிர்ப்போடு கொஞ்சத் தூரம் ஓடும். பிறகு ஓரிடத்தில் போய் முட்டும். அதை நாங்கள் முட்டு என்றே சொல்கிறோம், பிள்ளைகளுக்கு அது உடனே விளங்குகிறது. முட்டுக்கு மேல் இன்னும் கொஞ்சம் அழுத்தினால் கொக்கி விடுபட்டு வெடிக்கும். வெடித்த பிறகும் ட்ரிகர் சிறிது ஓடும், அது பின் ஓட்டம். அந்த ஓட்டத்தை நிறுத்த ஒரு தடுப்புத் திருகாணி இருக்கும்.

சர்வதேச விதிப்படி காற்றுப் பிஸ்டலின் ட்ரிகர் குறைந்தது 500 கிராமை விடுபடாமல் தாங்க வேண்டும். இந்த 500ஐ இரண்டு கட்டத்துக்கும் எப்படிப் பிரிப்பது என்பதுதான் விளையாட்டே. முதல் ஓட்டத்தில் 400, முட்டுக்குப் பிறகு 100 என்று வைக்கலாம். 350க்கு 150 வைக்கலாம். 300க்கு 200 வைக்கலாம். மூன்றும் மொத்தத்தில் ஒன்றேதான், ஆனால் விரலுக்கு மூன்றும் மூன்று பிஸ்டல்.

ஏன் இவ்வளவு பாடு? பிஸ்டலின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ. ட்ரிகருக்கு வேண்டியது அரைக் கிலோ. அதாவது கையில் தாங்குகிற பாரத்தின் பாதியை ஒரு விரலால், மற்ற விரல்களுக்குத் தெரியாமல் அழுத்த வேண்டும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி சுமார் 33 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். அந்த நேர்கோடு 1 மி.மீ பிசகினால் 10 மீட்டருக்கு அப்பால் 30 மி.மீ பிசகும். இலக்கின் நடுவில் உள்ள பத்தாம் வட்டத்தின் விட்டமே 11.5 மி.மீ. பத்துக்கு வைத்த வெடி ஏழில் போய் விழும். கை ஆடுவதால் விழும் ஒன்பதுகளைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. விரல் தள்ளியதால் விழும் ஏழுகள்தான் ஆளைக் கவிழ்க்கின்றன.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். இலக்கைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்து, பெலட் இல்லாமல், பிஸ்டலை அதன் வெற்று இயக்க நிலையில் (காற்று போகாமல் ட்ரிகர் மட்டும் இயங்கும் நிலை) வைத்து இருபது தரம் சுடுங்கள். சுவரில் ஒன்றும் இல்லாததால் கண் முன்குறியிலேயே நிற்கும், குறை தானாகத் தெரியும். சுவரில் அறிகுறி மறைந்துவிட்டால் ட்ரிகரில் பிழை இல்லை, இலக்கைக் கண்டதும் உங்களுக்குள் ஏதோ மாறுகிறது என்று அர்த்தம். சுவரிலும் தொடர்ந்தால் கீழே வாசியுங்கள்.

நினைக்கும் முன்பே வெடித்துவிடுகிறது

கை இறங்கிக்கொண்டிருக்கும்போதே வெடி போய்விடும், அட்டையில் மேலே ஒரு ஆறு. இதற்கு உடனே இரண்டாம் கட்டத்தைக் கூட்டாதீர்கள். முதலில் கண்ணை மூடிக்கொண்டு, வெற்று நிலையில், முதல் ஓட்டத்தை மட்டும் இழுத்து முட்டில் நின்று திரும்பி வாருங்கள். பத்துத் தரம். பத்துத் தரமும் முட்டில் நிற்க முடிந்தால் ட்ரிகர் நல்லது. இறங்கும் வழியில் விரலை அவசரப்படுத்துகிறீர்கள். மூன்று நாலு தரம் முட்டைத் தாண்டிப் போனால் உங்கள் விரலுக்கு முட்டு தெரியவில்லை. அப்போதுதான் திருகாணி. முதல் கட்டத்திலிருந்து 50 கிராமை எடுத்து இரண்டாம் கட்டத்துக்குக் கொடுங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு 300க்கு 200 என்ற பிரிப்புடன் தொடங்குவதே என் வழக்கம். முட்டு தெளிவாகத் தெரியும், விரல் அதை மதிக்கப் பழகும். இரண்டு மூன்று மாதம் போகட்டும், பிறகு மெல்ல முதல் கட்டத்துக்கு நகர்த்தலாம்.

வியர்வையையும் கவனியுங்கள். சித்திரை வெயிலில் மின்விசிறியின் கீழ் நின்றாலும் விரல் நுனி நனைந்திருக்கும். நனைந்த விரல் ட்ரிகரில் வழுக்கும், வழுக்கிய விரல் திடீரென்று பிடிக்கும். தோளில் ஒரு பருத்தித் துவாய்த் துண்டு, ஒவ்வொரு வெடிக்கும் முன் சுட்டுவிரலை ஒரு தரம் துடைப்பது. பவுடர் வேண்டாம், அது ட்ரிகரின் இடுக்கில் போய் வியர்வையோடு சேர்ந்து பசையாகும்.

விரல் உறைந்துவிடுகிறது, வெடிக்கவே மாட்டேன் என்கிறது

இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் எழுதுவேன், ஏனென்றால் நல்லாகச் சுடுகிறவர்களைத்தான் இது பிடிக்கிறது.

குறி நன்றாக நிற்கும். விரல் முட்டில் இருக்கும். இப்போது அழுத்து என்று மனம் சொல்லும், விரல் கேட்காது. ஆறு செக்கன், எட்டு செக்கன், பன்னிரண்டு செக்கன். மூச்சு முட்டும், முன்குறி மங்கும், கை நடுங்கத் தொடங்கும், அந்த நடுக்கத்துக்குள் ஒரு கணம் குறி நடுவில் தெரிந்ததும் வெடுக்கென்று இழுத்துவிடுவார்கள். அட்டையைப் பார்த்தால் கீழே ஒரு ஏழு. “ட்ரிகர் கல்லு மாதிரி இருக்கு சேர்.”

ட்ரிகர் கல் இல்லை. முட்டுக்குப் பிறகு வைத்திருக்கும் பங்கு, “இப்போது” என்று ஒரு முடிவை எடுக்கும்படி விரலைக் கட்டாயப்படுத்துகிறது. 200 கிராம் மிச்சம் இருக்கும்போது அந்த முடிவு பெரிது. குறி பத்தில் நிற்கிற ஒரு கணத்தைப் பிடிக்கப் பார்க்கும் ஆளுக்கு அது இன்னும் பெரிது. நான் ட்ரிகரைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் இந்த ஒன்றுதான்: முட்டில் நின்ற பிறகு புதிதாக ஒரு முடிவு எடுக்காமல் அழுத்தம் தானாகத் தொடர்ந்து போக வேண்டும். அப்படிப் போகிற பிரிப்பு எதுவோ அது உங்களுடையது. மிருதுவா கூர்மையா, யார் என்ன வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

செய்ய வேண்டியது இது. 300க்கு 200 என்றால் 350க்கு 150 ஆக்குங்கள். ஒரு கிழமை முழுக்க அதிலேயே இருங்கள், வேறு எதையும் தொட வேண்டாம். உறைவு குறைந்து ஆனால் இன்னும் இருந்தால் 400க்கு 100. அதிலும் போகவில்லை என்றால் எண்களை விட்டுவிட்டு முட்டின் குணத்தை மாற்றிப் பாருங்கள். பல பிஸ்டல்களில் கொக்கி எவ்வளவு ஆழத்தில் பிடித்திருக்கிறது என்பதை மாற்ற ஒரு திருகாணி உண்டு. ஆழம் குறைந்தால் ஈர்க்குச்சியை ஒடிப்பது போல ஒரேயடியாக விடுபடும். ஆழம் கூடினால் முட்டு மங்கலாகி, ட்ரிகர் அசைந்து அசைந்தே போய் எங்கோ ஓரிடத்தில் விடுபடும், எந்த இடம் என்று விரலுக்குத் தெரியாது. உறைகிற ஆட்களுக்கு இந்த உருளும் ட்ரிகர் பெரிய நிம்மதி. அசைவு தொடங்கிவிட்டால் நிறுத்த ஒரு காரணமும் இல்லை. எங்களிடம் பயிலும் ஒரு பிள்ளை நாலு மாதமாக ஒவ்வொரு வெடிக்கும் பிஸ்டலை மூன்று தரம் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள். உருளும் ட்ரிகர் வைத்துக் கொடுத்த அன்று முதல் பத்து வெடியையும் ஒரே தூக்கலில் முடித்தாள். புள்ளி ஒன்றும் ஏறவில்லை. ஆனால் அவளுடைய தோள் இறங்கி நின்றதை நான் பின்னால் நின்று பார்த்தேன், புள்ளி மெதுவாகப் பிறகு வந்தது.

ஆழத்தைக் குறைக்கும் பக்கம் போகிறவர்கள் கட்டாயம் ஒரு சோதனை செய்ய வேண்டும். பெலட் இல்லாமல், காற்றுச் சிலிண்டரைக் கழற்றி, கொக்கியை ஏற்றி, குழலை இலக்குப் பக்கம் வைத்தபடி பிடியின் அடியை உள்ளங்கையால் மெதுவாகத் தட்டுங்கள். தானாக விடுபட்டால் அது ட்ரிகர் இல்லை, ஆபத்து. உடனே பழைய இடத்துக்குத் திரும்புங்கள்.

இதோடு கடிகாரமும் வேண்டும். குறி வைத்து எட்டுச் செக்கனுக்குள் வெடிக்காவிட்டால் பிஸ்டலை இறக்குங்கள். 60 வெடிக்கு 75 நிமிடம் இருக்கிறது. நேரம் இல்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது.

வெடிக்கும் கணத்தில் முன்குறி துள்ளுகிறது

அரைக் கிலோ அழுத்தத்தை வைத்துக்கொண்டிருந்த விரலுக்கு எதிரில் திடீரென்று ஒன்றும் இல்லாமல் போனால் அது ஓடும். பெலட் குழலை விட்டுப் போகச் சில மில்லி செக்கன்கள் ஆகும், அதற்குள் அந்த ஓட்டத்தின் அதிர்ச்சி குழலுக்குப் போய்விடுகிறது. தடுப்புத் திருகாணி வேண்டியதே இதற்குத்தான்.

அதைச் சரியாக வைக்கும் விதம்: வெற்று நிலையில் கொக்கியை ஏற்றி, ட்ரிகர் விடுபடவே முடியாத அளவுக்குத் தடுப்பை உள்ளே திருகுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து, விடுபடும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து இன்னும் அரைச் சுற்று வெளியே. அந்த அரைச் சுற்றை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். தடுப்பை ஒட்டி வைத்தால் விடுபடுவதும் தடுப்பில் இடிப்பதும் ஒன்றாக நடந்து, துள்ளல் முன்பை விட மோசமாகும். தூசி கொஞ்சம் சேர்ந்தால் போட்டி நடுவே வெடிக்காமலும் நின்றுவிடும்.

தடுப்பு சரியாக இருந்தும் துள்ளினால் பிடியைப் பாருங்கள். சுட்டுவிரல் அழுத்தும்போது சின்னவிரலும் சேர்ந்து இறுகுகிறது. கையைக் காற்றில் நீட்டி, துவக்கு இல்லாமலே, மற்ற மூன்று விரலும் அசையாமல் சுட்டுவிரலை மட்டும் மடக்கிப் பாருங்கள். முதல் நாளில் பெரும்பாலானவர்களுக்கு வராது. பஸ்ஸில் வரும்போதும் பழகலாம்.

வெடிகள் கீழே இடப்பக்கம் போகின்றன

வலக்கைக்காரருக்கு இது மிகச் சாதாரணம். இடக்கைக்காரர் வலம் இடம் மாற்றி வாசிக்கவும். இந்தத் திசைக்கு இந்தப் பிழை என்று வட்டத்தைக் கூறுபோட்டுக் காட்டும் படம் ஒன்று எல்லார் கைப்பேசியிலும் இருக்கிறது. அதைச் சாத்திரம் போல் நம்ப வேண்டாம். அது ஒரு துப்பு, அவ்வளவுதான். முதலில் குறியின் திருத்தத்தைச் சரிபாருங்கள். நன்றாகச் சுடுகிற வேறொருவர் அதே பிஸ்டலில் நடுவில் போட்டால் கோளாறு உங்கள் கையில்.

கையில் என்றால் இரண்டு இடம். ஒன்று, மேலே சொன்ன வெடுக்கென்ற இழுப்பு. இரண்டு, ட்ரிகர் நிற்கும் தூரம். விரல் நுனிக்கும் முதல் மடிப்பு ரேகைக்கும் நடுவில் உள்ள சதை ட்ரிகரில் படிய வேண்டும், விரலின் மிச்சப் பகுதி பிடியைத் தொடவே கூடாது. நாங்கள் பழைய இலக்கு அட்டையில் ஒரு துண்டைக் கிழித்து, விரலின் அடிக்கும் பிடிக்கும் இடையில் விட்டுப் பார்ப்போம். அட்டை தடையில்லாமல் போய்வர வேண்டும். சிக்கினால் அழுத்தத்தின் ஒரு பங்கு பிடியின் பக்கவாட்டுக்குப் போகிறது. நுனி மட்டும் எட்டினால் ட்ரிகர் தூரம், ஆள் அதைப் பக்கவாட்டில் தள்ளுகிறார். மடிப்பு வரைக்கும் உள்ளே போனால் ட்ரிகர் கிட்ட, ஆள் அதைக் கொக்கி போல் வளைத்து இழுக்கிறார். ட்ரிகரின் தகடு முன்னும் பின்னும் நகரும், அனேகமானவற்றில் பக்கவாட்டிலும் சாயும். அதை நகர்த்துங்கள். எடைத் திருகாணிக்கு இந்த அறிகுறியில் ஒரு வேலையும் இல்லை.

ஒரே பிஸ்டல், நாலு பிள்ளைகள்

எங்கள் பக்கத்து உண்மை இது. கல்முனையிலிருந்து வருகிற பெடியனுக்கும் ஏறாவூரிலிருந்து வருகிற பிள்ளைக்கும் ஒரே பிஸ்டல்தான், ஒரே பிடிதான். ஆளாளுக்கு எடையைத் திருகினால் ஒருவருக்கும் ட்ரிகர் பழகாது, திருகாணியின் மரையும் தேயும். நாங்கள் செய்வது: பிரிப்பை 350க்கு 150 என்று வைத்து, எடைத் திருகாணிகளின் தலைக்கும் உடலுக்கும் குறுக்கே நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டுவிட்டோம். கோடு பிசகியிருந்தால் யாரோ தொட்டிருக்கிறார்கள், அல்லது தானாகத் தளர்ந்திருக்கிறது. இரண்டையும் ஒரே பார்வையில் கண்டுபிடிக்கலாம். ட்ரிகர் தகட்டின் தூரத்தை மட்டும் ஆளாளுக்கு மாற்ற விடுகிறோம். அது ஓடும் தண்டில் இடைவெளி விட்டு நாலு சின்னப் புள்ளி, நாலு நிறம். சிறிய கைப் பிள்ளை பச்சைக்கு நகர்த்துவாள், அடுத்தவன் நீலத்துக்கு. நகர்த்தி முடித்ததும் அட்டைத் துண்டுச் சோதனை, ஐந்து வெற்று வெடி, பிறகுதான் பெலட்.

சொந்தப் பிஸ்டல் உள்ளவர்களுக்கு இது தேவையில்லை. ஆனால் நகப்பூச்சுக் கோடு எல்லாருக்கும் நல்லது.

நேற்று ஒரு மாதிரி, இன்று ஒரு மாதிரி

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊர் இது. மாரியில் பெட்டிக்குள் இருக்கும் பஞ்சில் பூஞ்சணம் பிடிக்கும், கச்சான் காற்று வீசும் மாதங்களில் நுண்ணிய மணல் எல்லா இடுக்கிலும் போகும். ட்ரிகர் சொரசொரவென்று, சீனியின் மேல் கரண்டியை இழுப்பது போல் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அழுக்கையும் காய்ந்த எண்ணெயையும்தான். எண்ணெய் போட்டால் சரியாகும் என்று தெளிப்பான் டப்பாவை எடுத்து அடிப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். இரண்டு நாள் வழுவழுப்பாக இருக்கும், பிறகு அந்த எண்ணெயே மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உலர்ந்த மெல்லிய தூரிகை, உலர்ந்த துணி. எங்கே எண்ணெய் விடலாம், எவ்வளவு என்று பிஸ்டலோடு வந்த புத்தகம் சொல்லும், அதற்கு மேல் ஒரு துளியும் வேண்டாம். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதிகள் நாலைந்து போட்டு மாதம் ஒரு தரம் மாற்றுங்கள். சுட்டு முடித்த சூட்டோடு, கை ஈரத்தோடு பிஸ்டலைப் பெட்டியில் பூட்டாதீர்கள். துடைத்து, பொறுப்பாளர் கண் முன்னால் கால் மணித்தியாலம் ஆறவிட்டுப் பூட்டுங்கள்.

அழுக்கில்லை, கோடும் பிசகவில்லை, ஆனாலும் உணர்வு மாறுகிறது என்றால் மாறியது விரல். வெப்பத்தில் பழகிய விரல் குளிரூட்டிய மண்டபத்தில் மரத்துப்போகும், முட்டு காணாமல் போகும், அதே 500 கிராம் முக்கால் கிலோவாகத் தெரியும். வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். அந்த இடத்தில் ட்ரிகரை லேசாக்கினால் விதியை மீறிவிடுவீர்கள். சுடாத கையைக் காற்சட்டைப் பையில் வைப்பது போல, வெடிக்கும் வெடிக்கும் இடையில் சுடும் விரலையும் உள்ளங்கைக்குள் மடக்கிச் சூடாக்குங்கள்.

சோதனை மேசையில் விழுந்துவிட்டது

எனக்கே நடந்தது. வீட்டில் செய்த எடையில் பத்துத் தரமும் தாங்கிய ட்ரிகர், போட்டிக்கு முன் உபகரணச் சோதனையில் எடையைத் தரையிலிருந்து எழுப்பும் முன்பே விடுபட்டது. மூன்று முறைதான் முயல விடுவார்கள். மூன்றும் போனது. திருகாணியைத் திருப்பி மறுபடி வரிசையில் நின்று தேறினேன், ஆனால் பழகாத ட்ரிகரோடு அன்று சுட வேண்டியதாயிற்று.

பிழை கம்பியில் இருந்தது. சோதனையில் குழல் செங்குத்தாக மேலே பார்க்க, எடையை ட்ரிகரின் நடுப்பகுதியில் தொங்கவிட்டு, தரையிலிருந்து தூக்குவார்கள். என் கம்பிக் கொக்கி வழுக்கி ட்ரிகரின் வேர்ப் பக்கம் போயிருந்தது. ட்ரிகர் மேலே உள்ள அச்சில் சுழல்கிறது. அச்சுக்குக் கிட்டத் தொங்கினால் அது அதிக எடையைத் தாங்கும், நுனிக்குப் போகப் போகக் குறைவாகத் தாங்கும். கிணற்று வாளியைத் துலாவின் எந்த இடத்தில் கட்டுகிறோம் என்பது போலத்தான். வீட்டில் தாங்கியதாகத் தெரிந்தது பொய்.

இப்போது நான் வைத்திருக்கும் எடை ஒரு சின்னப் பிளாஸ்டிக் போத்தல். உள்ளே கழுவிக் காயவைத்த கல்லடிக் கடற்கரை மணல், மூடியில் கம்பி, கம்பியின் நுனி தட்டையாக அடித்து நடுவில் ஒரு சிறு பள்ளம், வழுக்காமல் நிற்க. தெரிந்த நகைக்கடையில் டிஜிற்றல் தராசில் வைத்து, சிட்டிகை சிட்டிகையாக மணலைச் சேர்த்து, கம்பி மூடி எல்லாம் சேர்த்து 515 கிராம் வந்ததும் மூடியைப் பசை போட்டு ஒட்டினேன். அதை என் ட்ரிகர் தாங்கினால் 500ஐத் தாங்கும். சரியாக 500இல் வைப்பவர்கள் மூன்று கிராமுக்காக முழுப் போட்டியையும் பணயம் வைக்கிறார்கள். சுட்டு முடித்த பிறகும் எழுமாற்றாகக் கூப்பிட்டுச் சோதிப்பார்கள், அதில் தோற்றால் தகுதி நீக்கம்தான். சிலிண்டரைப் பூட்டி, உண்மையில் சுடும் நிலையிலேயே அளந்து பாருங்கள். பெலட் மட்டும் இருக்கக்கூடாது. முதல் நாள் இரவு அளந்ததை நம்பி இருக்காமல் போட்டிக் காலையிலும் ஒரு தரம் அளந்து பாருங்கள்.

மின் ட்ரிகர் வைத்திருப்பவர்களுக்கு

சில பிஸ்டல்களில் கொக்கிக்குப் பதில் மின் சுவிட்ச் இருக்கிறது. தேய்மானம் குறைவு, முட்டு நாளுக்கு நாள் மாறாது, விடுபடல் மிகச் சுத்தம். எங்கள் ஈரத்திலும் உணர்வு மாறாமல் நிற்கும் என்பது உண்மை. ஆனால் அறிகுறிகளின் பட்டியலில் பற்றரி சேர்ந்துகொள்ளும். ட்ரிகர் நன்றாக விடுபட்டும் சில வேளை வெடிக்கவில்லை என்றால் வேறு எதையும் யோசிக்கும் முன் பற்றரியை மாற்றுங்கள், புதியது ஒன்று எப்போதும் பெட்டியில் இருக்கட்டும். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகிப் பல நிமிடங்கள் கையை விட்டுப் போயின, அவர் இறுதிக்கு வரவில்லை. அதே 10 மீட்டர் பிஸ்டலில் 2024இல் பாரிஸில் வெண்கலம் எடுத்தார். அந்த நிலைக்குப் போகிறவர்களுக்கே நடக்கிறது என்றால் நாங்கள் பற்றரியைக்கூடப் பார்க்காமல் போவது எப்படி?

இனித் திருகும் முறை

புத்தகத்தில் உங்கள் பிஸ்டலின் எந்தத் திருகாணி எதற்கு என்று பார்த்து வையுங்கள், ஒவ்வொரு தயாரிப்பிலும் இடம் மாறும். ஒரு நாளில் ஒரு திருகாணி. ஒரு தடவைக்குக் கால் சுற்று. திருகும் முன் இப்போது எங்கே நிற்கிறது என்று கொப்பியில் எழுதுங்கள்: திகதி, எந்தத் திருகாணி, எந்தப் பக்கம், எவ்வளவு, எந்த அறிகுறிக்காக. ஒன்றைத் திருகினால் இன்னொன்றும் அசையும். முதல் ஓட்டத்தின் நீளத்தை மாற்றினால் முட்டின் இடமும் மாறும், எடைகளை மாற்றினால் தடுப்பையும் மறுபடி பார்க்க வேண்டும். கடைசியில் எப்போதும் மொத்த எடை. போட்டிக்கு இரண்டு கிழமைக்கு முன் அலன் கீயைப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஒரு கிழமை சுட்டும் அறிகுறி மாறவில்லை என்றால் கொப்பியைப் பார்த்து அந்தக் கால் சுற்றைத் திரும்ப எடுத்துவிட்டு, வெள்ளைச் சுவருக்குப் போய் இருபது வெற்று வெடியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.